இரண்டே முக்காலுக்கு ஊதிய சங்கு

நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேலாளர் போனில் கேட்டார். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே ஒரு பட்டியல் வந்து விழுந்தது. சவுண்ட் கார்டைக் கணினி கண்டுகொள்ளாவிட்டால் என்ன செய்வது, டிரைவர் ஏறாவிட்டால் எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றுவது, இந்த மாதிரி. அதெல்லாம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் கையேடு இருக்கிறது. கண் இருக்கிறவர்கள் படித்துக்கொள்ளலாம்.

நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. வேலையில் இருந்த இருபத்தாறு வருஷத்தில் செய்தது இல்லை. ஓய்வு பெற்று, எனக்குத் தெரியாததா என்று தலைக்கனத்தோடு திரிந்த நாளில், என் சொந்த ஊரில் செய்தது. 

என்னைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் ஸ்டெல்லா. தங்கவயல்காரி. ஆண்டர்சன்பேட்டையில் வீடு. மாரிகுப்பத்தில் விடிகாலை ரயில் பிடித்து, பெங்களூரு போய், இருட்டிய பிறகு திரும்பி வந்தே என் இளமை கரைந்தது. அப்பா சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். எனக்கு ஒயரைப் பிடிக்கிற கை அவரிடமிருந்து வந்தது, கோபமும் அவரிடமிருந்துதான் வந்தது.

வேலையில் என் கடைசிப் பன்னிரண்டு வருஷமும் இந்தக் கையகலக் கணினிகளோடுதான் போயிற்று. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே ஒரு போர்டு, அதன் ஓரத்தில் இரண்டு வரிசைப் பின்கள். அந்தப் பின்களின் மேல் ஒலிக்கென்று தனியாக ஒரு சவுண்ட் போர்டை அழுத்திப் பூட்டுவோம். கணினிக்குப் பிறவியிலேயே ஒரு ஹெட்போன் துளை உண்டு. அதன் சத்தம் கரகரவென்று இருக்கும் என்பதால் முதல் வேலையாக அதை ஊமையாக்கிவிடுவோம். பிறகு புது போர்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்றுவோம். பஸ் நிலையத்து அறிவிப்பு, கோயில் மணி, மியூசியத்தில் பேசும் பொம்மை என்று இப்படிப் பேச வைத்த பெட்டிகளுக்கு என்னிடம் கணக்கில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு அம்மா இருந்தார். பெயர் சொன்னால் இப்போதும் திட்டுவார், அதனால் சொல்லவில்லை. சத்தம் வரவில்லை என்று ஒரு பெட்டி வந்தால் நான் உடனே ஸ்குரூ டிரைவரை எடுப்பேன். அவர் என் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிடுவார். பெட்டியைத் தொடாதே, முதலில் அங்கே இருந்த ஆட்களைக் கேள், அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று கேள் என்பார். அது நேரத்தை வீணாக்குகிற வேலை என்று அப்போது நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற முதல் வருஷம் எங்கள் பக்கத்துக் காலனிக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அன்றோடு ஷிப்ட் சங்கும் நின்றுபோயிற்று. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று வேளையும் ஊதிய சங்கு. அதை வைத்துத்தான் எங்கள் ஊரில் உலை வைத்தார்கள், பள்ளிக்கூடம் அனுப்பினார்கள், சண்டையை நிறுத்தினார்கள். அதை மறுபடி ஊத வைக்க முடியுமா என்று கேட்டார்கள். ஷிப்டுக்கு வந்த ஆட்களைக் கணக்கெடுத்த பழைய டைம் ஆபீஸ் கட்டடம் அவர்கள் கையில் இருந்தது. அதன் கூரையில் நான்கு ஹாரன் ஸ்பீக்கர் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். சங்கின் நிஜச் சத்தம் எங்கே கிடைக்கும் என்று தேடியதில், யாரோ ஒருவருடைய கல்யாண கேசட்டில் கிடைத்தது. தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக காலைச் சங்கு ஊதியிருக்கிறது. மேளத்துக்கும் அட்சதைக்கும் நடுவிலிருந்து அந்த நீளச் சத்தத்தைப் பிரித்தெடுக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. முதன்முதலாக அது ஊதியபோது காலனியில் பெரியவர்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எட்டு மாதம் ஒரு வேளை தவறாமல் ஊதியது.

அன்றைக்கு ஒரு வியாழக்கிழமை. மதியம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிச் சங்கு ஊதவில்லை. இரண்டு ஐந்துக்கே கமிட்டிச் செயலாளர் போன் செய்து, ‘இன்னா ஸ்டெல்லாக்கா, சங்கு லீவா?’ என்று கிண்டல் பண்ணினார். எனக்குச் சுருக்கென்றது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனை வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் சைனைடு மேடு என்போம். காற்றடித்தால் அதிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி வெயிலையே மறைத்துவிடும். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. நாய்கள்கூட எங்கேயோ ஒதுங்கிவிட்டன.

டைம் ஆபீசைத் திறந்து பெட்டியின் மூடியைக் கழற்றினேன். சத்தம் வரவில்லை என்றால் சவுண்ட் போர்டில் கோளாறு, நம் புத்தி அவ்வளவுதான். லேப்டாப்பை இணைத்துப் பார்த்தேன். போர்டு தெரிகிறது. டிரைவர் ஏறியிருக்கிறது. ஒலி அளவு சரி. ஒயர் சரி. ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு எரிகிறது. எல்லாம் சரியாக இருக்கச் சங்கு மட்டும் ஏன் ஊதவில்லை என்று அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. பெட்டி என்ன மணி காட்டுகிறது என்று பார்க்கவில்லை.

இந்தக் கணினிகளில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாக எழுதி வைத்த மணியிலிருந்தே எழுந்திருக்கும். பிறகு இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றேகாலுக்குக் காலனிப் பக்கம் கரண்ட் போய் இரண்டு மணிக்கு வந்திருக்கிறது. இணையம் வரவே இல்லை. பெட்டிக்கு அப்போதுதான் ஒன்றேகால். இதைச் செயலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். என் வீட்டில் கரண்ட் போகவில்லை, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டே முக்காலுக்கு, பெட்டியின் கணக்கில் இரண்டு மணிக்கு, என் தலைக்கு மேலே சங்கு ஊதியது.

கூரையில் நான்கு ஹாரன். கீழே தகர அலமாரி அதிர்ந்தது. எனக்கு அந்த நொடியில் ஒன்றும் ஓடவில்லை, நேரம் தவறி ஊதுகிறது என்பது மட்டும்தான் உடம்புக்குத் தெரிந்தது. பவரை அணைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? போர்டைப் பிடித்துப் பின்களிலிருந்து அப்படியே பிடுங்கிவிட்டேன். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஒரு டப் சத்தம், கருகிய நாற்றம். சங்கு பாதியில் அறுந்தது. உங்களில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் காது பழுக்கத் திட்டியிருப்பேன்.

அறுந்த சத்தம் சைனைடு மேட்டில் மோதிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் நேரம் தவறிச் சங்கு ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே விபத்து. பாறை வெடித்துச் சரிந்துவிட்டது. ஏர் பிளாஸ்ட் என்போம். அதைக் கேட்டவுடன் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள். யாரும் அழக் கூடாது, யாரும் பேசக் கூடாது. உள்ளே இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. கடைசி டோக்கன் டைம் ஆபீஸ் பலகைக்குத் திரும்பிய பிறகு, ஆள் உயிரோடு வந்தாலும் பிணமாக வந்தாலும், கணக்கு முடிந்தது என்று இரண்டு குட்டைச் சங்கு ஊதுவார்கள். அது ஊதாமல் ஒருவரும் வாசலை விட்டுப் போகக் கூடாது. இது எழுதாத சட்டம். எங்கள் ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பெட்டி செய்தபோது நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்து பார்த்தேன். தூசிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வயதானவர்கள். ஒருவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். ஒருவர் செருப்பில்லாமல் வந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டைம் ஆபீசுக்குப் பின்னால் மூடிய ஷாஃப்டைச் சுற்றி மதில் இருக்கிறது, அதன் துருப்பிடித்த வாசலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். எண்ணினேன், பதினோரு பேர். இரண்டு பக்கமும் பிரிந்து நின்று நடுவில் ஒரு வழி விட்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வருவதற்கான வழி. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். மிஷின் கோளாறு, கரண்ட் போய் வந்ததால் நேரம் தப்பிவிட்டது, தப்பு என்னுடையது, வீட்டுக்குப் போங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். அவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். இல்லை. ஒருவர் அமைதியாகச் சொன்னார்.

‘தெர்தும்மா. சுரங்கம் மூடினதும் தெரியும், நீ பெட்டி வெச்சதும் தெரியும். கால் போவ மாட்டேங்குது, இன்னா பண்ண சொல்ற?’

அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. அப்போதுதான் மதிலுக்கு உள்ளே ஒரு புடவை நிறம் தெரிந்தது.

மதிலில் ஒரு இடத்தில் இரும்பு திருடுகிறவர்கள் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். அதன் வழியாகக் கன்னியம்மாக்கா உள்ளே போய்விட்டிருந்தார். காலனியின் கடைசி வரிசையில் தனியாக இருப்பவர், வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஷாஃப்டின் வாயை ஒரு கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். மழையில் அது விரிந்து, ஒரு மூலை கீழே இறங்கியிருந்தது. அந்தப் பலகையின் நடுவில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஓட்டையில் தலையை விட்டுக் கூப்பிட்டேன். உள்ளே காலை வைத்தபோது கான்கிரீட்டின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. விழுந்த சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, வெகு ஆழத்தில், தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். அவர் ஒருவரைத் தாங்கும் பலகை இரண்டு பேரைத் தாங்காது என்று தெரிந்துவிட்டது.

‘அக்கா, மெதுவா எழுந்து வாங்க. சங்கு தப்பா ஊதிட்டுது. உள்ள யாருமே இல்லக்கா.’

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

‘யாரும் இல்லன்னு சொல்லாத ஸ்டெல்லா. எங்க வூட்டுக்காரரு கீறாரு.’

 அது உண்மை. நான் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. ஏர் பிளாஸ்டில் ஆறு பேர் மாட்டினார்கள். ஐந்து பேரை எடுத்தார்கள். கன்னியம்மாக்காவின் கணவரை எடுக்க முடியவில்லை. அந்த ஆழத்துச் சுரங்கப் பாதை முழுக்கச் சரிந்து, தோண்டப் போனவர்களுக்கும் ஆபத்து என்று அப்படியே அடைத்துவிட்டார்கள். இது ஊருக்கே தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்றை எனக்கு வைண்டர் அண்ணன்தான் சொன்னார்.

வைண்டர் அண்ணன் என்றால் ஷாஃப்டில் கூண்டை ஏற்றி இறக்கும் என்ஜினை ஓட்டியவர். சங்கு ஊதுவதும் அவர் பொறுப்பாகத்தான் இருந்தது. எண்பதை நெருங்குகிறார். அவரும் சங்கைக் கேட்டு வந்து, எல்லாருக்கும் பின்னால் தடியை ஊன்றி நின்றிருந்தார். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து முடித்ததும் என்னைத் தனியாக அழைத்தார். வண்டி பங்காருபேட்டைப் பக்கம் வேறு ஒரு தீக்குப் போயிருக்கிறது, முடிந்தவரை சீக்கிரம் வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த விபத்தில் கடைசிவரை ஒரு டோக்கன் திரும்பவில்லை, அதனால் இரண்டு குட்டைச் சங்கு ஊதவே இல்லை என்றார். நான்கு நாள் கழித்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அந்தப் பொம்பளை மட்டும் ஒன்பது நாள் நின்றாள், பிறகு தூக்கிக்கொண்டு போனோம் என்றார். காரியம் பண்ணச் சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள். கணக்கு முடியாமல் எப்படிக் காரியம் பண்ணுவது என்று மறுத்துவிட்டாராம். தாலியைக் கழற்றவில்லை, திதி கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல்.

‘அவ அப்பத்திலேர்ந்து நிக்கறவ. இன்னிக்கு வந்து நிக்கல,’ என்றார்.

காற்று இன்னும் வேகமாக அடித்தது. மதிலுக்கு உள்ளே பலகை ஒரு தடவை முனகியது. வாசலில் நின்ற பதினோரு பேரும் அதைக் கேட்டார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கயிறு வீசிக் கட்டிக்கொள்ளச் சொல்லலாமா என்று, அதற்குள் வந்து சேர்ந்திருந்த செயலாளர் கேட்டார். வீசிப் பார்த்தோம். அக்கா அதை எடுத்துச் சுருட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டார். அவரை எழுப்ப இந்த உலகத்தில் ஒரே ஒரு சத்தத்தால்தான் முடியும். அந்தச் சத்தத்தைப் போடும் போர்டை நான் பிடுங்கிக் கருக்கி வைத்திருக்கிறேன்.

டைம் ஆபீசுக்கு ஓடினேன்.  பதற்றத்தோடு எதையும் தொடக் கூடாது என்பதால் ஒரு நிமிஷம் மேஜைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். போர்டு போய்விட்டது, அது முடிந்த கதை. மாற்றுப் போர்டு பெங்களூருவில் இருக்கிறது. வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பிறவியிலேயே வந்த ஹெட்போன் துளை இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் என் கையாலேயே ஊமையாக்கியது. மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டு, அந்த ஒரு வரியைத் திருத்தி, புது போர்டுக்கான வரியை நீக்கி, கணினியை மறுபடி எழுப்பினேன். எழுந்திருக்கிற ஒரு நிமிஷம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. என் ஸ்கூட்டர் டிக்கியில் பாட்டுக் கேட்கிற ஒயர் ஒன்று கிடந்தது. அதை ஆம்ப்ளிஃபையரில் செருகினேன். கூரையில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கிளம்பியது. மட்டமான சத்தம்தான். ஆனாலும் உயிர் இருந்தது.

கல்யாண கேசட்டில் எடுத்த நீளச் சங்கிலிருந்து இரண்டு துண்டு வெட்டி நடுவில் இடைவெளி விட்டு ஒட்டினேன். ஒரு விசையை அழுத்தினால் போதும். அங்கேதான் நின்றுவிட்டேன்.

பிள்ளைகளே, நான் இத்தனை நேரம் எழுதியது இந்த இடத்துக்காகத்தான். பெட்டியைப் பேச வைப்பது நம் வேலை. அது பேசுகிற பேச்சுக்கு யார் பொறுப்பு என்று நாம் கேட்பதே இல்லை. கொடுத்த கோப்பை ஏற்றுவோம், சத்தம் சுத்தமாக வருகிறதா என்று பார்ப்போம், கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவோம். அந்த விசையை அழுத்தினால் ஒரு மனுஷன் மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம். அதைச் சொல்ல நான் யார்? அழுத்தாவிட்டால் அந்தப் பலகை எத்தனை நேரம் தாங்கும்? எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

பிறகு வெளியே போய் வைண்டர் அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து விசையைக் காட்டினேன். இதை நான் அழுத்தினால் பொய், நீங்கள் அழுத்தினால் என்ன என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். அன்றைக்கு ஊதலாமா என்று மூன்று தடவை ஆபீசில் கேட்டேன், ஆர்டர் வரவில்லை, பிறகு சுரங்கத்தையே மூடிவிட்டார்கள், இனி யாரிடம் கேட்பது என்றார். என்னிடம் பேசிய மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மணி என்ன என்று கேட்டார். போனைப் பார்த்துச் சொன்னேன்.

‘ஆறு பேரு எறங்கினாங்க. ஆறு பேரு,’ என்று சொல்லிவிட்டு, விசையின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

கரகரத்த குரலில் ஒரு குட்டைச் சங்கு. இடைவெளி. இன்னொன்று. சைனைடு மேடு அவற்றைத் திருப்பித் தந்தது, ஒன்று, இரண்டு.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். வாசலில் நின்றவர்கள் கலைய ஆரம்பித்தார்கள். அதுவரை இறுகியிருந்த தோள்கள் இறங்கின. ஒருவர் அடுத்தவரிடம் ஏதோ பேசினார், யாரோ லேசாகச் சிரித்ததுகூடக் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் தெரு காலி. மதிலின் ஓட்டையில் முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு கன்னியம்மாக்கா குனிந்து வெளியே வந்தார். கயிற்றைச் சுருட்டியபடியே கொண்டுவந்து செயலாளரிடம் கொடுத்தார். என்னை அவர் பார்க்கவில்லை. டைம் ஆபீஸ் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த வைண்டர் அண்ணனைப் பார்த்தார்.  தலைமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்து போனார்.

அன்று மாலையே பெட்டியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கடிகாரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்தால் போதும், மறுபடி மாட்டலாம் என்று கமிட்டியில் சொன்னார்கள். நூறு ரூபாய்க்குக் கூடப் பெறாத பேட்டரி. மாட்ட மாட்டேன் என்றேன். ஷாஃப்ட் மேல் புதுப் பலகை போடச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம், அது நடந்தது. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் சுமங்கலியாக இருந்தவளைப் பாட்டுக் கேட்கிற ஒயரை வைத்து விதவையாக்கிவிட்டேன் என்று மனசு அரித்தது.

ஐந்தாம் நாள் காலையில் அவரே என் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை காரியம் வைத்திருப்பதாகவும் நான் கண்டிப்பாக வர வேண்டும் என்றும் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. அக்கா, அது நிஜச் சங்கு இல்லை, நான் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய சத்தம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

‘பழைய சங்கும் மிஷினு ஊதனதுதாம்மா,’ என்றார் கன்னியம்மாக்கா. ‘எண்ணி ஊதனவரு வைண்டரண்ணன். நீ நேரத்த மட்டும் சொல்லு. காரியம் பண்றவரு கேக்கறாரு. எங்க வூட்டுக்காரரு மேல வந்தது எத்தினி மணிக்கு?’

மூன்று மணி இருபத்திரண்டு நிமிஷம் என்றேன். அவர் வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலில் நின்று செருப்பை மாட்டினார்.

‘பகலுதான்,’ என்றார். ‘வெளிச்சத்துல வந்திருக்காரு.’